விலகு, விலகாதே: சூரிய மின் இன்வெர்ட்டருக்கு இடப்பட்ட கட்டளைகளின் வரலாறு

தமிழ்நாட்டு வீடுகளில் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல்லுக்குத் திட்டமான ஒரு பொருள் உண்டு. மின்சாரம் நின்ற கணத்தில் மின்விசிறியையும் இரண்டு விளக்குகளையும் காப்பாற்றும் பெட்டி அது. 2008ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய நீண்ட மின்வெட்டுக் காலம் அச்சொல்லை ஊர்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்தவர்கள், முதல் மின்தடையிலேயே திகைத்துப்போகிறார்கள். நண்பகல் வெயில் கொளுத்துகிறது, தகடுகளில் பழுதில்லை, ஆயினும் தெருவில் மின்சாரம் நின்றவுடன் கூரைச் சூரிய மின்னமைப்பின் இன்வெர்ட்டரும் நின்றுவிடுகிறது. அது பழுதன்று, அந்தக் கருவிக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. ‘மின்தொகுப்பு போனால் நீயும் போய்விடு’ என்பது அதன் சாரம்.

ஒரே சொல்லால் அழைக்கப்படும் இரு கருவிகள் நேரெதிராக நடந்துகொள்வதற்கு மின்னணுவியல் மட்டும் காரணமன்று. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் வேலை இரண்டுக்கும் பொதுவானது. 1925ஆம் ஆண்டு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்விதழில் டேவிட் பிரின்ஸ் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே ‘இன்வெர்ட்டர்’ என்பதுதான். மாறுமின்னோட்டத்தை நேராக்கும் சுற்றைத் தலைகீழாக்கியது என்ற பொருளிலேயே அப்பெயர் அமைந்தது. வேறுபாடு கருவியின் உடலில் இல்லை. அது யாருக்குக் கீழ்ப்படிகிறது என்பதில் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் வீட்டுக்காரருக்குக் கீழ்ப்படிகிறது. சூரிய இன்வெர்ட்டரோ மின்தொகுப்பை இயக்குபவர் எழுதிய விதிப்புத்தகத்துக்குக் கீழ்ப்படிகிறது. கடந்த கால் நூற்றாண்டில் அந்த விதிப்புத்தகத்தின் மையமான வினைச்சொல் தலைகீழாக மாறியிருக்கிறது. தொடக்கத்தில் ‘விலகு’ என்று ஆணையிட்ட அதே நூல், பின்னர் ‘விலகாதே’ என்று ஆணையிடத் தொடங்கியது. இன்று இந்தியாவில் அவ்விரு ஆணைகளும் ஒரே காலத்தில், அருகருகே வழங்கிவருகின்றன என்பதுதான் இந்த வரலாற்றின் சிக்கலான பகுதி.

முதல் ஆணைக்கு நியாயம் இருந்தது. தெருவின் மின்தடத்தைத் துண்டித்துவிட்டு மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளி, கம்பி செத்திருக்கிறது என்று நம்பியே அதைத் தொடுகிறார். அத்தெருவில் ஒரு கூரை மட்டும் தொடர்ந்து மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும். தொகுப்பிலிருந்து பிரிந்த ஒரு பகுதி தனக்குத்தானே உயிர்த்திருப்பதைப் பொறியாளர்கள் ‘தீவாதல்’ என்கின்றனர். தீவைத் தடுப்பதே முதற்கால விதிகளின் முழுக் கவலை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஐஇஇஇ 929 என்ற அமெரிக்கப் பரிந்துரையும், 2003இல் வெளியான ஐஇஇஇ 1547 என்ற தரநிலையும் இந்த மனநிலையில் பிறந்தவை. மின்னழுத்தமோ அதிர்வெண்ணோ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் சிறு மின்னாக்கிகள் உடனே விலக வேண்டும். அதோடு 2003ஆம் ஆண்டுத் தரநிலை இன்னொன்றையும் சொன்னது: தாம் இணைந்துள்ள இடத்தின் மின்னழுத்தத்தை அவை தாமாக ஒழுங்குபடுத்த முனையவும் கூடாது. அது மின்வாரியத்தின் வேலை. விருந்தாளி அடுப்படிக்குள் வரலாகாது.

விருந்தாளி என்ற ஒப்புமை வெறும் அணியன்று. அன்றைய தொகுப்பில் சூரிய மின்சாரம் உண்மையிலேயே விருந்தாளிதான். வீட்டைத் தாங்கியவை அனல், புனல், அணு நிலையங்களின் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள். ஒரு நிலையம் திடீரென நின்றால் மற்றச் சுழலிகளின் சுழல் ஆற்றல் முதல் சில நொடிகளுக்கு இடைவெளியை நிரப்பும். பின்னர் அவற்றின் வேகக்கட்டுப்படுத்திகள் நீராவியையோ நீரையோ கூட்டிக் குறைத்து நிலையைச் சமன்செய்யும். இன்வெர்ட்டரில் சுழல்வது ஏதுமில்லை. அதன் நடத்தை முழுவதும் அதனுள் எழுதப்பட்ட நிரலின் நடத்தையே. ஆகவே விதிப்புத்தகத்தில் ஒரு வாக்கியம் மாறினால், சூரிய மின்நிலையத்தின் இயல்பே மாறிவிடுகிறது. எந்த நீராவிச் சுழலியையும் இப்படி ஒரு வாக்கியத்தால் வேறொன்றாக்க முடியாது.

விருந்தாளிகளின் எண்ணிக்கை வீட்டாரின் எண்ணிக்கையை நெருங்கினால் என்னவாகும் என்ற கேள்வி முதலில் ஜெர்மனியில்தான் எழுந்தது. அதற்கான எச்சரிக்கை 2006ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இரவில் வந்தது. எம்ஸ் ஆற்றின் வழியே ஒரு பயணிகள் கப்பல் கடலுக்குச் செல்வதற்காக, ஆற்றைக் கடக்கும் உயர் அழுத்த மின்தடம் ஒன்று நிறுத்தப்பட்டது. அதனால் சுமை பிற தடங்களுக்குத் தாவி, அவை ஒன்றன்பின் ஒன்றாக விடுபட்டு, ஐரோப்பியத் தொகுப்பு மூன்று துண்டுகளாகச் சிதறியது. மேற்குத் துண்டில் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்தது. சுமார் ஒன்றரைக் கோடி வீடுகள் மின்சாரம் இழந்தன. வடகிழக்குத் துண்டில் மின்னாக்கம் மிகுந்து அதிர்வெண் 51.4 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. அங்கிருந்த காற்றாலைகள் விதிப்படி விலகின. சற்று நேரத்தில், அதே விதிப்படி, எவரையும் கேளாமல் திரும்பவும் இணைந்தன. தொகுப்பை மீட்க முயன்ற இயக்குநர்களுக்கு அந்தக் கீழ்ப்படிதலே பெருந்தொல்லையானது.

இரவு பத்து மணிக்குப் பிறகு நிகழ்ந்த அந்தப் பிளவில் சூரிய மின்சாரத்துக்குப் பங்கில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானியக் கூரைகள் தகடுகளால் நிறைந்தபோது, பழைய எண் ஒன்று அச்சமூட்டத் தொடங்கியது. அது 50.2. அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் உடனே விலக வேண்டும் என்ற வரம்புடன் அங்கே பல ஆயிரம் மெகாவாட் இன்வெர்ட்டர்கள் விற்கப்பட்டிருந்தன. சில நூறு கூரைகள் இருந்த காலத்தில் இது பொருட்டன்று. வெயில் மிகுந்த ஒரு நண்பகலில் ஏதோ ஒரு காரணத்தால் அதிர்வெண் 50.2ஐத் தொட்டால், அத்தனை கூரைகளும் ஒரே கணத்தில் மறையும். அவ்வாறான திடீர் இழப்புக்காகக் கண்ட ஐரோப்பா முழுவதற்கும் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த முதனிலைக் கையிருப்பு 3,000 மெகாவாட் மட்டுமே. மிகுதியைக் குறைக்க எழுதப்பட்ட விதி, அதைப் பற்றாக்குறையாக்கி இருளில் கொண்டுபோய் விடும்.

ஒவ்வொரு கருவியும் தனியே நோக்கினால் ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. குற்றம் எல்லாம் ஒரே எண்ணை நம்புவதில் இருக்கிறது. 2011இல் வெளியான விடிஇ 4105 என்ற புதிய இணைப்பு விதி, வாசலை மூடுவதற்குப் பதிலாகச் சரிவொன்றை அமைத்தது. 50.2 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிர்வெண் ஏற ஏற, ஒரு ஹெர்ட்ஸுக்கு 40 விழுக்காடு என்ற விகிதத்தில் மின்திறனைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், 51.5ஐத் தாண்டினால் மட்டுமே விலக வேண்டும். புதிய கருவிகளுக்கு இது போதும். ஏற்கெனவே கூரையில் இருப்பவற்றை என்ன செய்வது? 2012 ஜூலையில் ஜெர்மன் அரசு தனி ஆணையொன்றைப் பிறப்பித்து, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3,15,000 சூரிய அமைப்புகளின் வரம்புகளைத் திருத்தச் சொன்னது. தொழில்நுட்பர்கள் வீடு வீடாக, பண்ணை பண்ணையாகச் சென்றார்கள். செலவின் ஒரு பாதி மின்வலைக் கட்டணத்திலும் மறுபாதி புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான கூடுதல் கட்டணத்திலும் ஏற்றப்பட்டது. அதாவது, கடைசியில் மின்நுகர்வோரின் தலையில். சில எண்களை முன்கூட்டியே சரியாக எழுதியிருந்தால் செலவே இருந்திராது.

இந்திய வாசகருக்கு இந்த 50.2 என்ற எண் வேறொரு காரணத்தாலும் பழக்கமானது. 2010ஆம் ஆண்டின் இந்திய மின்தொகுப்பு விதித்தொகுப்பு, அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் வீச்சை 49.5 முதல் 50.2 ஹெர்ட்ஸ் வரை என்று வகுத்திருந்தது. ஜெர்மானிய இன்வெர்ட்டர் பதறியோடும் அதே எண்ணை இந்தியத் தொகுப்பு தன் அன்றாட வாழ்வின் மேல் எல்லையாகக் கொண்டிருந்தது. அதுவும் பெரும் முன்னேற்றத்துக்குப் பிறகு! 1990களில் இந்திய மண்டலத் தொகுப்புகளின் அதிர்வெண் மாலைகளில் 49க்குக் கீழே இறங்குவதும், தேவை குன்றிய நேரங்களில் 50.5க்கு மேலே ஏறுவதும் இயல்பாகக் கருதப்பட்டன. 2002, 2003ஆம் ஆண்டுகளில் மண்டலவாரியாக வந்த, அதிர்வெண்ணோடு விலையைப் பிணைத்த கட்டண முறை மாநிலங்களை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்தது. 2012இல் கீழெல்லை 49.7 ஆயிற்று, 2014இல் வீச்சு முழுவதும் 49.90 முதல் 50.05 வரை எனச் சுருங்கியது. அதிர்வெண் நிலைத்த தொகுப்பு ஒன்று உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சூரிய மின்சாரமும் இங்கே நுழைந்தது. தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கப்பட்டது. குஜராத்தின் சரங்கா சூரியப் பூங்கா 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது நாட்டின் மொத்தச் சூரிய மின்திறன் ஏறத்தாழ ஆயிரம் மெகாவாட்.

அந்த ஆண்டின் ஜூலை மாத இறுதியில் இந்திய மின்துறை மறக்கவியலாத இரு நாட்கள் வந்தன. ஜூலை 30ஆம் நாள் அதிகாலை 2.33 மணிக்குப் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் விடுபட்டதில் வடமண்டலம் வீழ்ந்தது. மறுநாள் நண்பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றி இருந்தனர். தென்மண்டலம் அப்போது ஒத்தியங்கும் தொகுப்பில் இல்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே அது இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். எனவே தமிழ்நாடு தப்பியது. விசாரணை அறிக்கையில் இங்குப் பேசும் பொருளோடு தொடர்புடைய குறிப்புகள் இரண்டு உண்டு. விடுபட்ட அந்தத் தடத்தில் குறுக்குச்சுற்று எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. மிகுசுமையைக் குறுக்குச்சுற்று என்று தவறாக வாசித்த காப்புக்கருவி அதைத் துண்டித்தது. மற்றொன்று, மேற்கு மண்டலம் பிழைத்ததற்குக் காரணம், அங்கே அதிர்வெண் உயர்ந்தபோது சில மின்னாக்கிகள் விலகியதே. விலகுவது எப்போதும் பிழையன்று. யார், எப்போது, எத்தனை பேர் ஒன்றாக விலகுகிறார்கள் என்பதே கேள்வி.

சூரிய மின்சாரத்துக்கு அந்த வீழ்ச்சியில் எந்தப் பங்கும் இல்லை. ஆயினும் அடுத்த ஆண்டில், 2013இல், மத்திய மின்சார ஆணையம் ஒன்றன்பின் ஒன்றாக இரு விதிகளை அரசிதழில் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசிப்பவருக்கு அவற்றின் வினைச்சொற்கள் வியப்பளிக்கும். கூரை போன்ற சிறு ஆதாரங்களுக்கான விதி, அதிர்வெண் 47.5க்குக் கீழோ 50.5க்கு மேலோ சென்றால் 0.2 நொடிக்குள் விலகு என்றது. தீவு உருவானால் இரண்டு நொடிக்குள் விலகு என்றது. பெருந்தொகுப்போடு இணையும் காற்றாலைகளுக்கும் இன்வெர்ட்டர் வழி மின்நிலையங்களுக்குமான திருத்தமோ, 47.5 முதல் 52 ஹெர்ட்ஸ் வரை இயங்கிக்கொண்டிரு, 49.5 முதல் 50.5 வரை முழுத்திறனையும் வழங்கு, திறன்காரணியை இருபுறமும் 0.95 என்ற எல்லைக்குள் மாற்றிக் கொடு என்றது. கூரையிலிருப்பவன் விருந்தாளி, பாலைவனத்திலிருப்பவன் வீட்டுக்காரன். அன்றைய நிலையில் இந்தப் பாகுபாடு அறிவுக்குப் பொருந்தியதே.

வீட்டுக்காரனாகச் சொல்வது எளிது, ஆக்குவது எளிதன்று. ஒரு 50 மெகாவாட் சூரிய நிலையம் என்பது ஒரு மின்னாக்கி அன்று. அதனுள் சில பத்து மைய இன்வெர்ட்டர்களோ நூற்றுக்கணக்கான சிறு இன்வெர்ட்டர்களோ பரவிக் கிடக்கின்றன. கர்நாடகத்தின் பாவகடா போன்ற பூங்காவில், சுமார் 13,000 ஏக்கரில், பல நிறுவனங்களின் இத்தகைய நிலையங்கள் அருகருகே உள்ளன. விதியோ இன்வெர்ட்டரின் முனையில் அல்ல, நிலையம் தொகுப்போடு கைகோக்கும் இணைப்புப் புள்ளியில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் மின்மாற்றிகள், கிலோமீட்டர்க் கணக்கில் புதைகம்பிகள், அவற்றின் இழப்புகள். இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் மின்நிலையக் கட்டுப்படுத்தி என்ற கருவி.

பார்வைக்கு அது ஒரு சாதாரணத் தொழிற்சாலைக் கணினி. கட்டுப்பாட்டறையின் ஓர் அலமாரியில் அடங்கிவிடும். இணைப்புப் புள்ளியிலுள்ள அளவியிலிருந்து மின்னழுத்தம், அதிர்வெண், மின்திறன் ஆகியவற்றை ஒரு நொடியில் பலமுறை வாசிக்கிறது. மின்சுமை பகிர்வு மையத்திலிருந்து வரும் கட்டளையையும் விதி கோரும் சரிவுக்கோட்டையும் அந்த அளவீட்டோடு ஒப்பிடுகிறது. வேறுபாட்டைக் கணக்கிட்டு, ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் ‘நீ இவ்வளவு மின்திறன் கொடு, இவ்வளவு எதிர்வினைத் திறன் கொடு’ என்று பங்கிட்டு அனுப்புகிறது. எதிர்வினைத் திறன் என்பது விளக்கெரிக்காத திறன். ஆனால் மின்னழுத்தத்தைத் தாங்கி நிறுத்துவது அதுதான். மேகம் கடந்து போகும்போது மின்திறன் தாறுமாறாக ஏறாமல் நிமிடத்துக்கு இவ்வளவு என்ற ஏற்ற விகிதத்தைக் காப்பதும் இக்கட்டுப்படுத்தியின் வேலை. சுழலியின் வேகக்கட்டுப்படுத்தி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்ததை, சுழலி இல்லாத இடத்தில், கம்பியில்லாத பொம்மலாட்டம்போல் இது செய்துகாட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தக் கருவியின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அளவெடுத்து, கணக்கிட்டு, செய்தியனுப்பி, பதில் பெறுவதற்குள் பல நூறு மில்லிநொடிகள் கழிந்துவிடும். குறுக்குச்சுற்று நிகழ்ந்து அது துண்டிக்கப்படுவதோ பெரும்பாலும் நூறு மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த நெருக்கடிக் கணத்தில் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தனித்தே முடிவெடுக்க வேண்டும். தலைவனின் கட்டளைக்குக் காத்திருக்கும் படை அன்று அது; கணநேரத்துக்குத் தலைவனை மறந்துவிட வேண்டிய படை. இந்தப் பிரிவினையில் தவறு நேர்ந்தால் என்னாகும் என்பதை உலகம் 2016 ஆகஸ்டு 16 அன்று தெற்குக் கலிபோர்னியாவில் கண்டது.

புளூ கட் காட்டுத்தீயின் புகை உயர் அழுத்தத் தடங்களைச் சூழ்ந்து, அன்று ஒரே நாளில் 500 கிலோவோல்ட் தடங்களில் பதின்மூன்று குறுக்குச்சுற்றுகளை உண்டாக்கியது. அவற்றுள் ஒன்றின்போது, நண்பகலுக்குச் சற்று முன், ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் மறைந்தது. குறுக்குச்சுற்றுகள் இயல்பாகவே துண்டிக்கப்பட்டன. தொகுப்பின் உண்மையான அதிர்வெண் ஆபத்தான அளவுக்குத் தாழவே இல்லை. ஆயினும் அம்மறைவில் பெரும்பகுதிக்குக் காரணம், அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டதாக இன்வெர்ட்டர்கள் நம்பியதே. குறுக்குச்சுற்றின்போது அலையின் வடிவம் திடீரென இடம்பெயர்ந்தது. அலையைப் பின்பற்றிக் கணக்கிடும் நிரல், அந்தக் குதிப்பை அதிர்வெண் வீழ்ச்சி என்று வாசித்தது. காத்திருக்கும் நேரம் எதுவும் விதிக்கப்படாததால் உடனே விலகியது. எஞ்சியவற்றுள் பல, மின்னழுத்தம் தாழ்ந்ததும் விலகாமல் நின்றபடியே மின்னோட்டத்தை நிறுத்திக்கொண்டன. விதியின் சொல்லை அவை மீறவில்லை. ‘இணைந்திரு’ என்றுதான் விதி சொன்னது. இணைந்திருக்கையில் ஏதேனும் கொடு என்று அது சொல்லியிருக்கவில்லை. சொற்பொருள் ஆய்வில் பயிற்சியுள்ளவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ‘அதிர்வெண்’ என்றால் எத்தனை சுழற்சிகளின் சராசரி? ‘இணைந்திருத்தல்’ என்றால் கம்பியால் இணைந்திருத்தலா, பணியால் இணைந்திருத்தலா? மனிதர்களுக்கிடையே இத்தகைய தெளிவின்மை வழக்காடு மன்றத்தில் தீர்க்கப்படும். நிரலோ தனக்குத் தோன்றிய பொருளை மில்லிநொடியில் செயலாக்கிவிடுகிறது.

இந்தியாவில் 2019 பிப்ரவரியில் வந்த திருத்தம் இப்பாடங்களை உள்வாங்கிய ஒன்று. மின்னழுத்தம் இயல்பளவின் 15 விழுக்காடு வரை விழுந்தாலும் 300 மில்லிநொடி தாங்கி நிற்க வேண்டும். அந்நேரத்தில் எதிர்வினைத் திறனுக்கு முதலிடம்; மின்திறனுக்கு இரண்டாமிடம். மின்னழுத்தம் மீண்டபின் ஒரு நொடிக்குள் மின்திறன் முந்தைய அளவில் 90 விழுக்காட்டை எட்ட வேண்டும். மின்னழுத்தம் 20 விழுக்காடு வரை மிகுந்தாலும் இரண்டு நொடி பொறுக்க வேண்டும். பெரிய நிலையங்கள் அதிர்வெண் மாற்றத்துக்கு ஏற்பத் தம் திறனைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்படுத்தியைக் கொண்டிருக்க வேண்டும். விருந்தாளிக்கு அடுப்படிச் சாவி கொடுக்கப்பட்டதோடு, சமைக்காவிட்டால் கேள்வி கேட்கப்படும் என்றும் சொல்லப்பட்டது.

கேள்வி கேட்கும் நாள் விரைவில் வந்தது. ராஜஸ்தானின் மேற்குப் பாலைவனத்தில் பட்லா, பதேகர் பகுதிகளில் பல்லாயிரம் மெகாவாட் சூரிய மின்சாரம் நெடுந்தொலைவுத் தடங்களின் முனையில் குவிந்தது. அருகில் பெரிய சுழலிகள் குறைவு. 2022 முதல், ஏதேனும் ஒரு தடத்தில் குறுக்குச்சுற்று நேரும்போது ஒரே கணத்தில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் மறையும் நிகழ்வுகள் அங்கே பலமுறை பதிவாயின. அவற்றின் போக்கில் ஒரு கொடிய தர்க்கம் இருந்தது. குறுக்குச்சுற்றால் மின்னழுத்தம் தாழ்கிறது; நிலையங்கள் மின்திறனைக் குறைக்கின்றன. குறுக்குச்சுற்று துண்டிக்கப்பட்டபின் அத்திறன் உடனே மீளுவதில்லை. சுமை குறைந்த நீண்ட தடங்களில் மின்னழுத்தம் தானாகவே ஏறும். அந்த ஏற்றத்தைத் தாங்காமல் வேறு நிலையங்கள் விலகும். தடங்களின் சுமை இன்னும் குறையும். மின்னழுத்தம் இன்னும் ஏறும்.

மின்திறன் ஏன் உடனே மீளவில்லை என்ற கேள்விக்கான விடைகளுள் ஒன்று கட்டுப்படுத்தியின் உள்ளேயே இருக்கக்கூடும். குறுக்குச்சுற்றின்போது தானாக இயங்கிய இன்வெர்ட்டர், அது முடிந்ததும் தலைவனிடம் திரும்புகிறது. தலைவனோ மேகத்துக்காக எழுதப்பட்ட ஏற்ற விகிதத்தை, நெருக்கடியிலிருந்து மீளும் கணத்துக்கும் பொருத்திவிடுகிறான். ஒரு நொடியில் மீள வேண்டிய திறன் நிமிடக்கணக்கில் தவழ்கிறது. 2021 மே மாதம் டெக்சாஸின் ஒடெசா பகுதியில் நேர்ந்த நிகழ்வை ஆராய்ந்தபோது இத்தகைய குறுக்கீடு தெளிவாகவே இனங்காணப்பட்டது. இரு விதிகளும் சரியானவை. இரண்டும் சந்திக்கும் இடத்தை எழுதுவார் இல்லை. இன்வெர்ட்டரை ஒரு நிறுவனம் செய்கிறது; கட்டுப்படுத்தியை மற்றொன்று செய்கிறது; நிலையத்தை மூன்றாவது நிறுவனம் கட்டுகிறது. தொகுப்பு இயக்குநரிடம் ஒப்படைக்கப்படும் கணினி மாதிரியில் உள்ள அமைப்புகளும், பாலைவனத்துப் பெட்டியில் பதிந்துள்ள அமைப்புகளும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சான்றிதழ் ஆய்வுக்கூடத்தில் ஒற்றை இன்வெர்ட்டருக்குத் தரப்படுகிறது; சோதனைக்குள்ளாவதோ நூறு இன்வெர்ட்டர்களின் கூட்டு நடத்தை.

விதியை எழுத்துப்பிசகாமல் பின்பற்றுவதே போதாது என்பதற்கு 2025 ஏப்ரல் 28 அன்று ஐபீரியத் தீபகற்பம் இருண்டதும் ஒரு சான்று. மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியதால் அடுத்தடுத்து மின்னாக்கிகள் விலகிய நிகழ்வு அது. காரணங்கள் பல, சூரிய மின்சாரத்தின்மீது மட்டும் பழிசுமத்துவது வசதியான எளிமைப்படுத்தலே. எனினும் ஸ்பெயினின் புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் அப்போது மாறாத திறன்காரணியில் இயங்குமாறே விதிக்கப்பட்டிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. மின்னழுத்தத்தைத் தணிக்கும் ஆற்றல் அவற்றின் கருவிகளில் இருந்தது. அதைப் பயன்படுத்துமாறு அவற்றிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. 2003ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலையின் ‘அடுப்படிக்குள் வராதே’ என்ற குரல் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேறொரு நாட்டில் ஒலித்துக்கொண்டிருந்தது எனலாம். அமெரிக்கத் தரநிலையோ 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அந்தத் தடையைக் கைவிட்டு, மின்னழுத்தத்தைத் தாங்கும் ஆற்றலைக் கட்டாயமாக்கிவிட்டது.

இந்தியாவின் பெருநிலையங்களுக்கு 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய மின்தொகுப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. கேள்வி கேட்கும் இயக்குநர் இருக்கிறார். பதில் சொல்ல ஒரு நிறுவனமாவது இருக்கிறது. கூரைகளின் நிலை அத்தகையதன்று. நாட்டின் சூரிய மின்திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீட்டுக் கூரைகளைக் குறிவைக்கிறது. வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்று வைத்தாலும் அது 30,000 மெகாவாட். ஜெர்மனியை அச்சுறுத்தியவை பாலைவனப் பூங்காக்கள் அல்ல, கூரைகளும் பண்ணைக் கொட்டகைகளுமே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அங்கே திருத்தத்துக்கு உள்ளான 3,15,000 அமைப்புகளோடு ஒரு கோடியை ஒப்பிட்டால், பின்னர் வீடு வீடாகச் சென்று திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது விளங்கும்.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னபோது, இந்தியத் தொகுப்பின் தேவை 31,000 மெகாவாட்டுக்கும் மேல் சரிந்தது, அதிர்வெண் 50.26 வரை ஏறியது. புனல் மின்நிலையங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்து அந்தச் சரிவை ஈடுகட்டின. நாள் தெரியும், நேரம் தெரியும், இரவு வேறு. ஒரு கோடிக் கூரைகள் ஒரே எண்ணைக் கண்டு ஒரே நொடியில் விலகினால் ஏற்படக்கூடிய பள்ளமும் ஏறத்தாழ அதே அளவினது. ஆனால் அது நண்பகலில், முன்னறிவிப்பின்றி, எதிர்த்திசையில் வரும்.

அந்த எண் எங்கே முடிவாகிறது என்று தேடிச் சென்றால், தில்லியின் ஆணையத்துக்கோ தொகுப்பு இயக்குநரின் கட்டுப்பாட்டறைக்கோ போய்ச் சேர்வதில்லை. இன்வெர்ட்டரைச் சுவரில் பொருத்தி முதன்முறை உயிரூட்டும்போது, அதன் சிறுதிரையிலோ கைபேசிச் செயலியிலோ எந்த நாட்டின் விதியைப் பின்பற்றுவது என்று ஒரு பட்டியல் தோன்றும். ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இந்தியா, இன்னும் பல. பொருத்த வந்த தொழில்நுட்பர், அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்ட நிலையில், அவற்றுள் ஒன்றைத் தொட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறார்.